நோக்கத்தைக் கோர்ட் எதுல பாக்குது? – தண்டையார்பேட்டை தெருக் குழுவில் ஒரு ராத்திரி

இரவு 8:40

மேனகா: தேவகிக்கா, காலைல இருந்து ஒரு மெசேஜ் எல்லா குரூப்லயும் சுத்துது. "துணி மேல தொட்டா போக்சோ வராது, ஐகோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு. நிஜமாக்கா?

தேவகி வக்கீல்: இல்ல மேனகா. போக்சோங்கிறது 18 வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற சட்டம். அந்தத் தீர்ப்பு இப்ப செல்லாது. 2021 ஜனவரில மும்பை ஐகோர்ட்டோட நாக்பூர் கிளை சொன்னது. அதே வருஷம் நவம்பர் 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. பாதியை மட்டும் யாரோ இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்காங்க.

செல்வம் (சங்கம்): அனுப்புறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. வக்கீலம்மா, நேரம் இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க. நம்ம தெருவுல டியூஷன், பாக்ஸிங், சிலம்பம்னு புள்ளைங்க போகாத இடம் இல்ல.

தேவகி வக்கீல்: சொல்றேன்ண்ணே. கொய்யாப்பழம் தரேன்னு 12 வயசுப் பொண்ணை ஒரு ஆள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். மார்பை அழுத்துறான், சல்வாரைக் கழட்டப் பாக்குறான். கீழ்க்கோர்ட் போக்சோ 8ஆம் பிரிவுல 3 வருஷம் போட்டுச்சு. நாக்பூர் கிளை, "மேலாடையை விலக்கல, தோலோட தோல் படல, அதனால இது 7ஆம் பிரிவு பாலியல் தாக்குதல் இல்ல"ன்னு சொல்லி, அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 354க்கு இறக்கிடுச்சு. அதுல குறைஞ்சபட்சம் 1 வருஷம்தான் இருந்துச்சு.

தேவகி வக்கீல்: அப்ப மத்திய அரசோட தலைமை வக்கீல், அட்டர்னி ஜெனரலே மேல்முறையீட்டுக்குப் போனாரு. கையுறை மாட்டிக்கிட்டு தொட்டா தப்பிச்சிடலாமான்னு கேட்டாரு. நீதிபதிகள் லலித், ரவீந்திர பட், பேலா திரிவேதி மூணு பேரும், இந்தப் பிரிவுல முக்கியமான அம்சம் பாலியல் நோக்கம்தான், தோல் தொடுறது இல்லன்னு தீர்ப்பு சொன்னாங்க. 3 வருஷ தண்டனை திரும்ப வந்துச்சு.

ரோஸ்மேரி டீச்சர்: நல்லது. ஆனா தேவகி, பேரன்ட்ஸ் மீட்டிங்ல வர்ற கேள்வியே இதுதான். நோக்கம் மனசுக்குள்ள இருக்கிறது. அதை யாரு பாத்தது, எப்படி நிரூபிக்கிறது?

தேவகி வக்கீல்: யாரும் பாக்க முடியாது டீச்சர். அதனாலதான் கோர்ட் சுத்தி நடந்ததைப் பாக்குது. பாலியல் தொல்லை பத்தின 11ஆம் பிரிவுக்கு அடியில சட்டமே எழுதி வச்சிருக்கு: பாலியல் நோக்கம் இருந்துச்சாங்கிறது நடந்த சங்கதியை வச்சு முடிவு பண்ண வேண்டிய கேள்வி. எந்த இடத்துல தொட்டான், கதவு தாழ் போட்டிருந்துச்சா, என்ன சாக்கு சொல்லிக் கூப்பிட்டான், வேற யாரு இருந்தா, புள்ள கத்தினப்ப என்ன பண்ணான், "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு சொன்னானா. கொய்யாப்பழ வழக்கையே எடுங்க. பழம்னு பொய்யான சாக்கு, தனி வீடு, வாயைப் பொத்துனது, அறையைப் பூட்டுனது. இதுக்கு மேல நோக்கத்துக்கு என்ன சாட்சி வேணும்?

மேனகா: அப்ப கையைப் புடிச்சா கூட வருமாக்கா?

தேவகி வக்கீல்: ரெண்டு வழக்கு சொல்றேன், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ரெண்டுலயும் புடிச்சது கையைத்தான்.

தேவகி வக்கீல்: ஒண்ணு, அதே 2021 நவம்பர் தீர்ப்புல சேர்ந்து வந்த இன்னொரு வழக்கு. 5 வயசுக் குழந்தை. ஆள் கையைப் புடிச்சிருக்கான், பேன்ட் ஜிப் திறந்திருக்கு. நாக்பூர் கிளை பாலியல் தாக்குதல் இல்லன்னு சொன்னதை சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. 7ஆம் பிரிவுல ரெண்டு பாதி இருக்கு. முதல் பாதில உடல் பாகங்களைப் பேர் சொல்லிருக்கு. ரெண்டாவது பாதி, பாலியல் நோக்கத்தோட உடம்பைத் தொட்டுச் செய்யுற "வேற எந்தச் செயலும்". கை ரெண்டாவது பாதில வந்துடும். குழந்தை 12 வயசுக்குக் கீழ, அதனால 9ஆம் பிரிவு, கடுமையான குற்றம். தண்டனை 5ல இருந்து 7 வருஷம்.

தேவகி வக்கீல்: இன்னொண்ணு 2015ல நடந்தது. 17 வயசுப் பொண்ணை வழியில நிறுத்தி, கையைப் புடிச்சு, "ஐ லவ் யூ"ன்னு சொன்னான். கீழ்க்கோர்ட் 2017ல 3 வருஷம் போட்டுச்சு. 2025ல அதே நாக்பூர் கிளை விடுதலை பண்ணுச்சு. காதலைச் சொன்னது மட்டும் பாலியல் நோக்கம் ஆகாது, அதுக்கு மேல ஏதாவது காட்டணும்னு காரணம் சொன்னாங்க.

கலைவாணி (எஸ்.ஐ., ஓய்வு): அந்த ரெண்டாவது வழக்குல எனக்கு முழு உடன்பாடு இல்ல. நடந்து போற பொண்ணை மறிச்சு கையைப் புடிக்கிறதுல பயமுறுத்தல் இருக்கு. ஆனா "அதுக்கு மேல என்ன"ங்கிற கேள்வி வரும்னு புகார் எழுதுற எடத்துலயே தெரிஞ்சிருக்கணும். இதுக்கு முன்னாடி எத்தனை தடவை பின்னாடி வந்தான், என்ன பேசினான், பொண்ணு ஸ்கூல் போக மறுத்துச்சா. இதெல்லாம் வாக்குமூலத்துல இல்லன்னா கோர்ட் வெறும் காத்துல நோக்கத்தைத் தேடாது.

தேவகி வக்கீல்: மேடம் சொல்றது சரி. 11ஆம் பிரிவுல பாலியல் நோக்கத்தோட திரும்பத் திரும்பப் பின்தொடர்றதே தனியா குற்றம். அங்க தொடவே வேணாம். 12ஆம் பிரிவுல 3 வருஷம் வரைக்கும் தண்டனை.

செல்வம் (சங்கம்): பாக்ஸிங் மாஸ்டர் தொட்டுத்தான சொல்லிக் கொடுக்கணும்? அதுவும் குத்தம்னா யாரு கிளாஸ் எடுப்பா?

தேவகி வக்கீல்: அது குற்றம் இல்லண்ணே. காசிமேட்டுல ஹால் திறந்திருக்கு, பத்துப் புள்ளைங்க நிக்குது, தோள் எறங்கியிருக்குன்னு தூக்கி விடுறாரு, கால் வைக்கிற அகலத்தைச் சரி பண்றாரு. வேலைக்குத் தேவையான தொடுகை, எல்லார் முன்னாடியும், எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரி. அதே ஆள் பிராக்டீஸ் முடிஞ்சப்புறம் ஒரு புள்ளையை மட்டும் நிறுத்தி, வெயிட் பாக்கணும்னு பின் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா, ஏன் தனியா, ஏன் அந்த ரூம், ஏன் அந்தப் புள்ளைக்கு மட்டும்னு ஒவ்வொண்ணும் கேள்வியா வரும். டாக்டருக்கு 41ஆம் பிரிவுல விலக்கு இருக்கு, பெத்தவங்களோ காப்பாளரோ சம்மதிச்சுச் செய்யுற பரிசோதனை, சிகிச்சைக்கு மட்டும்.

யூசுப் பாய்: நெரிசல்ல ஷேர் ஆட்டோவுல இடிச்சுக்கிட்டு உக்காருறது?

தேவகி வக்கீல்: பிரேக் போட்டா எல்லாரும் எல்லார் மேலயும் சாய்வோம் பாய். ஆனா எடம் காலியானப்புறமும் நகராம இருந்தா, புள்ள தள்ளித் தள்ளி உக்காந்தும் கை பின்னாடியே வந்தா, அது நெரிசல் இல்ல. புள்ள அப்படியே சொல்றதைக் கேட்டு எழுதணும்.

இரவு 9:15

ரோஸ்மேரி டீச்சர்: இன்னொரு சந்தேகம். போக்சோல 29, 30னு ரெண்டு பிரிவு இருக்கே, குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரபராதின்னு நிரூபிக்கணும்னு. அப்ப நாம எதையும் நிரூபிக்க வேணாமா?

தேவகி வக்கீல்: இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 30ஆம் பிரிவு மனநிலை பத்தினது. நோக்கம், உள்நோக்கம், அறிந்திருந்தது எல்லாம் இருந்துச்சுன்னே கோர்ட் எடுத்துக்கும். இல்லன்னு எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிரூபிக்கணும், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம. சாதாரண கேஸ்ல எதிரிக்கு இவ்வளவு பாரம் கிடையாது. ஆனா அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு முதல்ல நிறுவணும். புள்ள வயசு 18க்குக் கீழ, இந்த ஆள் அங்க இருந்தான், இந்தச் செயல் நடந்துச்சு. அது நின்னாத்தான் ஊகம் நிக்கும்.

கலைவாணி (எஸ்.ஐ., ஓய்வு): வயசுலயே கவுந்த கேஸ் உண்டு. 2023 ஜூலைல நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட், ஸ்கூல் டி.சி. மட்டும் வயசுக்கு ஆதாரம் ஆகாதுன்னு சொல்லி ஆளை விடுவிச்சிடுச்சு. சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவுல வரிசை இருக்கு. முதல்ல ஸ்கூல் தர்ற பிறந்த தேதிச் சான்று, அல்லது பத்தாவது சர்டிபிகேட். அது இல்லன்னா மாநகராட்சி பிறப்புச் சான்று. ரெண்டும் இல்லன்னாத்தான் எலும்பு வயசுப் பரிசோதனை. எல்லாரும் புள்ளைங்க பிறப்புச் சான்றைக் கையில வச்சுக்கங்க. பேர் சேர்க்காம விட்டவங்க மண்டல ஆபீஸ்ல கேட்டுச் சேர்த்துடுங்க.

தேவகி வக்கீல்: இன்னொண்ணு. போக்சோ 3, 5ஆம் பிரிவு, அதாவது ஊடுருவல் குற்றங்கள், அதுல "பாலியல் நோக்கம்"ங்கிற வார்த்தையே கிடையாது. செயலே போதும். 7லயும் 11லயும்தான் அந்த வார்த்தை இருக்கு. எந்தப் பிரிவு போடறாங்கன்னு எப்.ஐ.ஆர். காப்பியை வாங்கிப் பாருங்க. இலவசமா தரணும்.

மேனகா: புள்ள சொல்றப்ப தாய் பதறிடுவா. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

கலைவாணி (எஸ்.ஐ., ஓய்வு): "இங்க தொட்டானா, அங்க தொட்டானா"ன்னு நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க. "அப்புறம் என்ன ஆச்சு?" இது ஒண்ணு போதும். புள்ள என்ன வார்த்தை சொல்லுச்சோ அதே வார்த்தையைத் தேதி, நேரம் போட்டு எழுதி வைங்க. கொச்சையா இருந்தாலும், புள்ள பாஷையா இருந்தாலும் மாத்தாதீங்க. சொந்தக்காரங்க நாலு பேர் முன்னாடி திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறும். சொல்லிக்கொடுத்த சாட்சின்னு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் புடிப்பாரு.

கலைவாணி (எஸ்.ஐ., ஓய்வு): கேஸ் பலமாகட்டும்னு நடக்காததைச் சேர்க்கிறது அதைவிட மோசம். மார்பைத் தொட்டான்னு புள்ள சொன்னதை, அதுக்கும் மேல நடந்துச்சுன்னு பெரியவங்க ஏத்திச் சொன்னா, மருத்துவ அறிக்கை பொருந்தாது. அப்புறம் உண்மையா நடந்ததையும் கோர்ட் சந்தேகப்படும். நடந்தது மட்டும் போதும், அதுக்கே சட்டத்துல தண்டனை இருக்கு.

தேவகி வக்கீல்: அன்னிக்குப் போட்டிருந்த துணியைத் துவைக்காம பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக் வேணாம். பக்கத்துக் கடை சிசிடிவி சில நாள்ல தானா அழிஞ்சு மேல பதிவாகிடும். அதனால புகார்லயே "இந்தக் கடை கேமரா பதிவை எடுங்க"ன்னு எழுதிக் கொடுங்க. கதவுப் பக்கம் யாரு போனா, எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்கிறது நோக்கத்துக்குப் பெரிய சாட்சி.

மேனகா: ஸ்டேஷனுக்குப் புள்ளையைக் கூட்டிட்டுப் போகணுமா?

கலைவாணி (எஸ்.ஐ., ஓய்வு): வேணாம். 24ஆம் பிரிவுப்படி புள்ள வீட்டுலயோ அதுக்குப் புடிச்ச எடத்துலயோ, கூடிய வரைக்கும் எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வந்து எழுதணும். யூனிபார்ம்ல வரக்கூடாது. ராத்திரில எந்தப் புள்ளையையும் ஸ்டேஷன்ல வைக்கக்கூடாது. கோர்ட்லயும் எதிர்த்தரப்பு வக்கீல் நேராக் கேள்வி கேக்க முடியாது, நீதிபதி மூலமாத்தான். எதிரி கண்ணுல படாத மாதிரி புள்ளையை உக்கார வைக்கணும், 36ஆம் பிரிவு.

இரவு 9:50

செல்வம் (சங்கம்): எனக்கு வேற குரூப்ல இருந்து ஒரு வீடியோ வந்திருக்கு. புள்ளையை ஒருத்தன் தப்பா பண்றான், முகம் தெரியுது. எல்லாரும் உஷாரா இருக்கட்டும்னு இங்க போடவா?

தேவகி வக்கீல்: போடாதீங்கண்ணே!! யாருக்கும் போடாதீங்க.

தேவகி வக்கீல்: உங்க எண்ணம் நல்லதுதான். ஆனா அனுப்புறதே குற்றம். தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டம் 67பி, முதல் தடவைக்கே 5 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். அதோட அந்தப் புள்ளை முகம் இன்னும் அம்பது போனுக்குப் போகும். அது அந்தப் புள்ளைக்கு மறுபடி மறுபடி நடக்குற கொடுமை.

யூசுப் பாய்: வச்சிருந்தாலே குத்தமா? கடைக்கு ரிப்பேருக்கு வர்ற போன்ல என்னென்னவோ இருக்கு.

தேவகி வக்கீல்: இது நம்ம பக்கத்துலயே, அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்துல பதிவான வழக்கு பாய். போன்ல ரெண்டு வீடியோ. 2024 ஜனவரில சென்னை ஐகோர்ட், தனியா பாக்குறது மட்டும் குற்றம் இல்லன்னு வழக்கை ரத்து பண்ணுச்சு. செப்டம்பர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிட்டு, விசாரணையைத் திருவள்ளூர் மகளிர் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்புச்சு.

தேவகி வக்கீல்: அதுலயும் நோக்கம்தான் மையம். போக்சோ 15ஆம் பிரிவுல மூணு படி. அழிக்காம, புகாரும் தராம, பகிர்ற நோக்கத்தோட வச்சிருந்தா குறைஞ்சது 5,000 ரூபாய் அபராதம், மறுபடி செஞ்சா 10,000. அனுப்பவோ பரப்பவோ வச்சிருந்தா 3 வருஷம் வரை. விக்கிறதுக்குன்னா 3ல இருந்து 5 வருஷம். நிஜமா அனுப்பியிருக்கணும்னு அவசியமே இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அழிக்காம வச்சிருந்த விதமே நோக்கத்தைக் காட்டும், 30ஆம் பிரிவு ஊகமும் சேரும். தெரிஞ்சே பாத்துக்கிட்டிருந்தா, டவுன்லோட் பண்ணலன்னாலும் கைவசம் வச்சிருந்ததாத்தான் கணக்கு.

யூசுப் பாய்: தானா டவுன்லோட் ஆனா?

தேவகி வக்கீல்: தெரியாம வந்தது, தெரிஞ்சதும் புகார் கொடுத்தா பயம் இல்ல. மாசக்கணக்கா போன்ல கிடந்துச்சுன்னா "தெரியாது"ங்கிறது நிக்காது. செல்வம்ண்ணே, அனுப்பின நம்பர், குரூப் பேரு, தேதி, நேரம் குறிச்சுக்கங்க. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துல பெண்கள், குழந்தைகள் பிரிவுல கொடுங்க, பேர் சொல்லாமலும் தரலாம். இல்ல நேரா ஸ்டேஷன்ல போனைக் காட்டுங்க. யாருக்கும் காப்பி எடுத்துக் கொடுக்காதீங்க.

யூசுப் பாய்: வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" போய், மீடியா ஆட்டோ டவுன்லோட்ல வீடியோ, போட்டோ ரெண்டுலயும் டிக்கை எடுத்துடுங்க. மொபைல் டேட்டா, வைஃபை ரெண்டுக்கும் தனித்தனியா இருக்கு, ஒண்ணை மட்டும் எடுத்தா பத்தாது. சாட்ல அழிச்சாலும் கேலரிலயும் பேக்கப்லயும் இருக்கலாம், பாத்துக்கங்க. தெரியலன்னா கடைக்கு வாங்க, நான் செஞ்சு தரேன்.

ரோஸ்மேரி டீச்சர்: ஸ்கூலுக்கும் இது உண்டு. குற்றம் நடந்துச்சுன்னு தெரிஞ்சும் போலீஸ்லயோ சிறப்புச் சிறார் போலீஸ் பிரிவுலயோ சொல்லலன்னா 21ஆம் பிரிவுல 6 மாசம் வரை. நிறுவனப் பொறுப்புல இருக்கிறவங்க தனக்குக் கீழ வேலை செய்யுறவரை மறைச்சா 1 வருஷம் வரை. "விசாரிச்சுட்டுச் சொல்றோம்"னு நாங்களே பஞ்சாயத்து பேசக்கூடாது. நோக்கம் இருந்துச்சா இல்லையான்னு முடிவு பண்றது ஹெச்.எம். வேலை இல்ல.

மேனகா: சொன்னது தப்பாப் போயிட்டா நம்ம மேலயே கேஸ் வருமோன்னுதான் பயம்.

தேவகி வக்கீல்: நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல எந்த வழக்கும் வராது, 19ஆம் பிரிவுலயே இருக்கு. அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ வேணும்னே பொய்ப் புகார் கொடுத்தாத்தான் 22ஆம் பிரிவு. புள்ள கொடுத்த புகாருக்கு அதுகூடக் கிடையாது.

கலைவாணி (எஸ்.ஐ., ஓய்வு): எது நடந்தாலும் புள்ள பேரு, ஸ்கூல், வீட்டு அடையாளம், குடும்பம் எதையும் இந்தக் குரூப்ல போடாதீங்க. "நம்ம மூணாவது வீட்டுப் பொண்ணு"ன்னு சொன்னாலே அடையாளம்தான்.

செல்வம் (சங்கம்): சரிம்மா. நான் இப்பவே ஸ்டேஷனுக்குக் கிளம்புறேன். 1098 (குழந்தைகள் உதவி), 112 (அவசர உதவி) ரெண்டு நம்பரையும் குரூப் விவரத்துல போட்டுட்டேன். காலைல வந்த அந்தத் துணி மெசேஜை அனுப்பினவங்க, அனுப்பின எல்லா எடத்துலயும் அழிச்சுட்டு 2021 நவம்பர் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லுங்க.

மேனகா: எங்க அபார்ட்மென்ட் குரூப்ல சொல்லிட்டேன்ண்ணே.