தினமும் இடுப்பில் வைக்க ஒரு சின்னக் கத்தி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் தோப்பு வேலை. கயிறு, சாக்கு, மாங்காய் வெட்ட மடக்காத கத்தி வேண்டும். 3 அங்குல அலகு போதுமா? கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா?

பதில்: 3 தாராளம் தம்பி. கார்பன் தீட்டச் சுலபம், ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்டால் கறுத்துவிடும், துடைத்து எண்ணெய் போடச் சோம்பல் என்றால் ஸ்வீடனின் மோரா கம்பெனிக் கத்தியில் ஸ்டெயின்லெஸ் எடு.

பதில்: எதுக்கு ஸ்வீடன்? நம்ம திருப்பாச்சேத்திப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்குங்கள், பிடியின் கடைசிவரை இரும்பு ஓட வேண்டும், அப்புறம் உறை இறுக்கமாக இருக்கணும், குனிந்தால் நழுவுகிற உறை ஆபத்து.

பதில்: சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016 ஆயுத விதிகளில் ஆயுதமாக வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திதான், விவசாயக் கருவிக்கு விலக்கும் உண்டு. அதற்காகப் பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் செருகிக்கொண்டு திரியாதீர்கள், போலீஸ் அளந்து பார்த்துவிட்டா கேள்வி கேட்கும்?