வெட்டு விழுந்த ஆந்தைக் காசு போலியா?

ஆந்தைவிரும்பி: "வெட்டு விழுந்த ஏதென்ஸ் காசு எல்லாமே போலி, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்" என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சல் தாங்கவில்லை. என் டெட்ராட்ராம் (பழங்கால கிரேக்க நகரமான ஏதென்ஸின் வெள்ளிக் காசு; ஒரு பக்கம் அதீனா தேவி, மறுபக்கம் ஆந்தை) 17.1 கிராம். ஆந்தையின் முதுகில் நகம் நுழையும் ஆழத்துக்கு உளி வெட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அடிவரை வெள்ளிதான். உள்ளே செம்பு இருக்கிறதா என்று எவனோ பார்த்திருக்கிறான். நம் ஊர் உரைகல் மாதிரி.

லாரியன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். கி.மு. 375 வாக்கில் ஏதென்ஸில் நிகோபோன் என்பவர் கொண்டுவந்த காசுச் சட்டம் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. உள்ளே வெண்கலமோ ஈயமோ இருந்தால் சோதிப்பவன் அங்கேயே வெட்ட வேண்டும். வெட்டு விழுந்தால் செல்லாக் காசு.

ஆந்தைவிரும்பி: அதற்கு அடுத்ததையும் படியுங்கள் சார். வெட்டிய போலி 'தேவர்களின் தாய்' என்ற தெய்வத்துக்கு உரியதாகி, ஏதென்ஸ் ஆட்சி அவையிடம் போய்விடும். சந்தைக்குத் திரும்பாது. எகிப்திலும் சிரியாவிலும் வெள்ளியை எடை போட்டு வாங்கியவர்கள் நல்ல காசையும் வெட்டித்தான் பார்த்தார்கள்.

லாரியன்: அது எகிப்து. நான் சொல்வது ஏதென்ஸ். வெட்டு வெட்டுதான்.

குளத்தூரான்: அண்ணே, முதலில் அதீனாவின் கண்ணைப் பாருங்கள். பக்கவாட்டு முகத்தில் முழுக் கண் பாதாம் மாதிரி இருந்தால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. கண்ணும் முகத்தைப் போலவே பக்கவாட்டில் தெரிந்தால் பிந்தியது.

ஆந்தைவிரும்பி: பாதாம் கண்தான் தம்பி. சட்டத்துக்கு முந்திய காசு. அந்தச் சட்டத்தைக் காட்டி இதை எப்படிப் போலி என்பது?

லாரியன்: பழைய காசு சட்டம் வந்த பிறகும் புழங்கியதே! இன்னொன்று. கி.மு. 413-இல் எதிரிகளான ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸுக்குப் பக்கத்து டெக்கெலியாவில் உட்கார்ந்ததும், ஏதென்ஸின் லாரியன் வெள்ளிச் சுரங்கம் முடங்கியது. கடைசியில் ஏதென்ஸே செம்பில் வெள்ளி முலாம் பூசி அடித்தது. கி.மு. 405-இல் நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீஸ் மட்டக் காசை நாடகத்திலேயே திட்டினார். பாதாம் கண் போதுமா?

ஆந்தைவிரும்பி: அதற்குத்தானே வெட்டு! முலாம் என்றால் வெட்டில் செம்பு தெரியும். என் காசில் வெள்ளி தெரிகிறது. வெள்ளி! இன்னும் எத்தனை தடவை சொல்வது?

குளத்தூரான்: சரி, எங்கிருந்து வந்தது? தாள் இருக்கிறதா? 1984-இல் துருக்கியின் எல்மாலியில் தோண்டிக் கடத்திய பழங்காசுப் புதையலின் பெரும்பகுதி 1999-இல்தான் ஊர் திரும்பியது. அதையும் பலர் ஆசையாகத்தான் வாங்கினார்கள்.

ஆந்தைவிரும்பி: பழைய ஏலப் பட்டியல் ஒன்றில் இதே காசின் படம் இருக்கிறது. இரண்டு இரவு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆந்தைகள் எல்லாம் ஒரே மாதிரி. முதுகில் அதே சாய்வில் அந்த வெட்டு இருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது. நீங்கள் குப்பை என்கிற வெட்டுதான் இதன் பிறப்புச் சான்று.

லாரியன்: பட்டியலில் வந்தால் நல்ல காசா? போன வருஷம் என் காசை எல்லார் முன்னாலும் "வார்ப்பு" (அச்சில் அடிக்காமல் உருக்கி ஊற்றிய போலி) என்றீர்களே, அதுவும் பட்டியலில் வந்ததுதான்.

ஆந்தைவிரும்பி: ஓரத்தில் வார்ப்புக் கோடு இருந்தது. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

லாரியன்: அது அரம் பட்ட கோடு. உங்கள் காசில் பட்டால் சான்று, என் காசில் பட்டால் போலியா?

ஆந்தைவிரும்பி: அந்த ஓரத்தின் படத்தை மறுபடி போடுங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.

லாரியன்: முதலில் உங்கள் வெட்டின் படம். கிட்டத்தில் எடுத்தது.