பழுதுபார்ப்பு அல்ல: எண்டர்பிரைஸின் ‘ரீஃபிட்’டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணே, குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

1979இல் வந்த முதல் ஸ்டார் டிரெக் படத்துக்கு நாம் தமிழில் எழுதும் திரைக்கீழ் வசன வரிகளில் ‘ரீஃபிட்’டுக்கு ஒரு நல்ல சொல் வேண்டும். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஓடிய தொடரில் பார்த்த அதே எண்டர்பிரைஸ் விண்கப்பல்தான் ராபர்ட் வைஸ் எடுத்த படத்திலும் வருகிறது. ஆனால் 18 மாதம் கப்பல்துறையில் நிறுத்தி உள்ளும் புறமும் மாற்றியிருக்கிறார்கள். இப்போதைய வரைவில் ‘பழுதுபார்ப்பு’ என்று இருக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் ஒரு காட்சியையே கெடுக்கிறது.

புழுத்துளைக் காட்சியைச் சொல்கிறேன். புது இன்ஜின் சரியாகச் சமன் ஆகாததால் கப்பல் புழுத்துளைக்குள், அதாவது விண்வெளியில் உருவான ஒரு சுரங்கத்துக்குள், இழுபடுகிறது, எதிரே ஒரு விண்கல். கேப்டன் கர்க் கப்பலின் கதிர் ஆயுதமான பேசரால் சுடச் சொல்கிறார். ரீஃபிட்டைக் கூடவே இருந்து கவனித்த அதிகாரி டெக்கர் குறுக்கிட்டு அதை ரத்து செய்து, ஃபோட்டான் டார்பிடோவை விடச் சொல்கிறார். காரணம் அடுத்த காட்சியில் வருகிறது: புது அமைப்பில் பேசருக்கான மின்சக்தி முதன்மை இன்ஜின் வழியாகப் போகிறது. இன்ஜினை ஓட்டும் எதிர்ப்பொருளின் சமன் குலைந்ததும் பேசர் தானாகவே அணைந்துவிட்டது. கர்க்குக்குத் தெரிந்தது பழைய கப்பல். ‘பழுதுபார்த்தார்கள்’ என்று எழுதினால் பழைய இணைப்புகள் அப்படியே இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? அப்புறம் கர்க் தவறியது ஏன் என்று பார்ப்பவருக்கு எப்படிப் புரியும்?

‘புதுப்பித்தல்’ என்றால் ஓட்டுநர் உரிமம் நினைவுக்கு வருகிறது. ‘மறுசீரமைப்பு’ அரசாணை வாடை. ‘மறுபொருத்தம்’ எப்படி?

காசிமேட்டிலிருந்து:

தம்பி, காரணம் சரி, சொல் சரியில்லை. மறுபொருத்தம் என்றால் தரகர் இன்னொரு ஜாதகத்தோடு வந்து நிற்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இங்கே விசைப்படகுகளைக் கரையேற்றி நடக்கும் வேலையைப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். பலகை இடுக்கை அடைப்பது, பெயின்ட் அடிப்பது பராமரிப்பு. இன்ஜினை இறக்கி, தேய்ந்ததை மாற்றி, அதையே ஏற்றுவது இன்னொன்று. பெரிய இன்ஜின் வைப்பது மூன்றாவது வகை, அதில் ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும். இன்ஜின் உட்காரும் மேடையை அகலப்படுத்த வேண்டும். கியர்பாக்ஸ் விகிதம், புரொப்பல்லரைச் சுற்றும் ஷாப்டின் தடிமன், புரொப்பல்லரின் விட்டம், சாய்வு எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். புரொப்பல்லர் அளவுக்கு மீறிப் போனால் இன்ஜின் தன் சுற்றை எட்டாமல் கரும்புகை கக்கும். ஷாப்டு கோடு விலகினால் அதிர்வு வரும், ஷாப்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வரும். எண்டர்பிரைஸில் நடந்தது இந்த மூன்றாவது. மெக்கானிக்குகள் ‘கழட்டிப் பூட்டுறது’ என்பார்கள். அதனால் ‘மறுபூட்டு’ என் பரிந்துரை.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அண்ணே, ‘மறுபூட்டு’ திரையில் இரண்டு நொடி நின்றால் கதவுக்கு இரண்டாவது பூட்டு என்றுதான் படிப்பார்கள். தனிச்சொல்லாக வரும்போது அந்த ஆபத்து நிச்சயம்.

வேர் ‘பொருத்து’ என்றே இருக்கட்டும், விகுதியை மட்டும் மாற்றலாம்: மறுபொருத்தல். ஐடிஐ ஃபிட்டருக்கு ஏற்கெனவே ‘பொருத்துநர்’ இருக்கிறது, அதனால் குடும்பம் ஒன்றாகிவிடும். வினையாக்கிப் பார்த்தேன்: ‘கப்பலை மறுபொருத்தினார்கள்’, ‘மறுபொருத்திய கப்பல்’, ‘மறுபொருத்தல் முடியவில்லை’. மூன்றும் நாக்கில் நிற்கின்றன. ‘மறுகட்டு’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அது அடிமரத்திலிருந்து திரும்பக் கட்டுவது. இங்கே உடலமைப்பு பழையதேதான்: தட்டு, கழுத்து, அடிக்கூடு. நேராக நின்ற இன்ஜின் தாங்கிகள் பின்சாய்ந்தன, உருளையாக இருந்த இன்ஜின் கூண்டுகள் தட்டையாயின, கழுத்தின் அடியில் டார்பிடோ வாய் வந்தது.

காசிமேட்டிலிருந்து:

கதைக்குள் அப்படி. படப்பிடிப்பில் பழைய கப்பல் மாதிரியைத் தொடவே இல்லை என்பது வேடிக்கை. தொடருக்குச் செய்தது ஏறக்குறைய 11 அடி நீளம், படத்துக்குப் புதிதாகச் செய்தது 8 அடிதான். அது கிடக்கட்டும். ‘மறுபொருத்தல்’ எனக்குச் சம்மதம், இரண்டு நிபந்தனையோடு.

ஒன்று, பொறியாளர் ஸ்காட்டி வாயில் இதைப் போடாதீர்கள். பட்டறை ஆள் அப்படிப் பேசமாட்டார். ‘இன்ஜினை மாத்தி, இணைப்பு மொத்தமும் புதுசாப் போட்டிருக்கோம்’ என்று அவருக்கு எழுதுங்கள். அதிகாரிகள் பேசும்போதும் பதிவேட்டிலும் கலைச்சொல் வரட்டும்.

இரண்டு, ‘டிரைடாக்’குக்கு வரைவில் இருக்கும் ‘உலர்துறை’. தரையில் அது பொருத்தமான சொல்: கப்பலை உள்ளே விட்டு, கதவடைத்து, தண்ணீரை இறைத்து, கட்டைகள் மேல் உட்கார வைக்கிறோம். படத்தில் வருவது சுற்றுப்பாதையில் மிதக்கும் இரும்புச் சட்டகம், அங்கே இறைக்கத் தண்ணீர் ஏது? ‘பணிமனை’ என்றால் மாநகரப் பேருந்துதான் கண்ணில் வரும். ‘பணித்துறை’ என்று வைக்கலாமா, பார்த்துச் சொல்லுங்கள்.

டெக்கர் காரணம் சொல்லும் இடத்துக்கு என் வரி: ‘மறுபொருத்தலில் பேசர் சக்தியை இன்ஜின் வழியே திருப்பிவிட்டோம். / சமன் குலைந்ததும் அது தானாக அணைந்தது.’ முதல் வரி கொஞ்சம் நீளம். ‘பேசர் சக்தியை’ என்பதை ‘பேசரை’ என்று சுருக்கினால் திரையில் அடங்கும்.