மீனுக்குள் இருக்கும் மரபணு எப்படி மருந்தாகும்?

கேள்வி:
வேகமாக வளரும்படி மரபணு மாற்றப்பட்ட அக்வாட்வாண்டேஜ் சால்மனுக்கு 2015 நவம்பரில் அனுமதி அளித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ‘விலங்குகளுக்கான புதிய மருந்து’ என்ற பிரிவின் கீழ்தான் அதைப் பரிசீலித்தது என்று படித்தேன். உண்பதற்காக வளர்க்கும் மீனில் மருந்து எங்கிருந்து வந்தது?

மறுமொழி 1:
மருந்தாகக் கருதப்படுவது மீன் அன்று, அதனுள் சேர்க்கப்பட்ட மரபணுத் துண்டு. சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை, ஓஷன் பவுட் என்னும் குளிர்கடல் மீனிலிருந்து எடுத்த இயக்கிப் பகுதியோடு (மரபணுவை இயங்கவைக்கும் டி.என்.ஏ. பகுதி) இணைத்து அட்லாண்டிக் சால்மனில் சேர்த்திருக்கிறார்கள். மனிதர் அல்லது விலங்கின் உடலமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் நோக்கமுடைய, உணவல்லாத பொருள் எதுவும் மருந்தே என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், இந்தத் துண்டும் அதில் அடங்கிவிடுகிறது. புதுச் சட்டம் எதுவும் இயற்றாமல், 2009இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டுதலில் நிர்வாகம் இந்த விளக்கத்தை எழுதிவைத்தது. அதே ஆண்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மனிதப் புரதமான ஆன்டித்ரோம்பினைப் பாலில் சுரக்கும் ஆடுகளுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே பாலிலிருந்து பிரித்த மருந்துக்கு ஓர் அனுமதி, ஆட்டிலுள்ள மரபணுத் துண்டுக்குத் தனியாக இன்னோர் அனுமதி!

மறுமொழி 2:
சட்டப்படி சரிதான், ஆனால் மாத்திரை எதுவும் தொட்டியிலிருந்து தப்பி ஆற்றில் நீந்திப் போவதில்லையே. இனப்பெருக்கம் செய்ய இயலாத பெண் மீன்களை மட்டும் நிலத்திலுள்ள தொட்டிகளில் வளர்ப்பதாக நிறுவனம் உறுதியளித்திருந்தும், அவை தப்பினால் இயற்கைச் சால்மன்களுக்கு என்ன நேரும் என்பதை நிர்வாகம் போதிய அளவு ஆராயவில்லை என்று 2020 நவம்பரில் கலிஃபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியை ரத்து செய்யாமல், ஆய்வை மீண்டும் செய்யச் சொன்னது. மருந்துச் சட்டத்தின் கண்ணுக்குச் சுற்றுச்சூழல் எப்போதும் ஓரத்தில்தான் தெரிகிறது என்பது என் கருத்து.

மறுமொழி 3:
அந்தக் கண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மரபணுத் திருத்தத்தால் கொம்பில்லாமல் பிறந்த மாடுகளில் வேண்டாத மாற்றம் எதுவுமில்லை என்று அவற்றை உருவாக்கியவர்கள் நம்பியிருந்தபோது, நுண்ணுயிரெதிர்ப்பி எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட பாக்டீரியா டி.என்.ஏ. அவற்றில் ஒட்டியிருந்ததை அதே நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் 2019இல் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் இந்தக் கெடுபிடி இல்லை என்பதும் உண்மைதான்: வெப்பத்தைத் தாங்க உதவும் குட்டை ரோமத்துக்காகத் திருத்தப்பட்ட மாடுகளை, அந்த மாற்றம் சில மாட்டினங்களில் இயற்கையாகவே இருப்பதைக் கருத்தில் கொண்டு, 2022 மார்ச்சில் குறைந்த ஆபத்துடையவை என வகைப்படுத்தி, முழு அனுமதி கேட்காமலே சந்தைக்கு விட்டார்கள்.