புதுப்பிப்பு: அம்மாவோடு ஏலகிரி வரை வெர்னாவில்

புது வடிவ ஹூண்டாய் வெர்னா கார் எடுத்ததைப் பத்திப் போன மாசம் எழுதினப்போ, பின்சீட்டு அம்மாவுக்குத் தோதுப்படுமான்னு தெரியலைன்னு விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஏலகிரி போய்ட்டு வந்தோம்.

2023-ல் வடிவம் மாறினப்போ வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) 2600-லிருந்து 2670 மில்லிமீட்டர் ஆச்சு. அந்த ஏழு சென்டிமீட்டர் அம்மாவோட முழங்காலுக்கு முன்னாடி நல்லாவே தெரியுது. மடியில வச்சிருந்த கூடையைக் காலடியில இறக்கிட்டு, பள்ளிகொண்டா தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாங்க! மலையில 14 கொண்டை ஊசி வளைவு. ஒருதடவைகூட தலை சுத்துதுன்னு சொல்லலை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. டிக்கி 528 லிட்டர், தாராளம்.

செடான் (டிக்கி பின்னாடி தனியா நீட்டியிருக்கிற கார்) எதுவானாலும் சீட்டு தாழ்வுதான். இறங்கும்போது என் கையைப் பிடிச்சுத்தான் எழுந்தாங்க. வீட்டுல முழங்கால் வலிக்காரங்க இருந்தா, அவங்களையே ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்க.