சொட்டுகள் ஒன்றையொன்று துரத்தவில்லை; பிழை எங்கே?

காங்கேயம் ஆசிரியை:
வணக்கம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2015-இல் நேச்சர் இதழில் விவரித்த, ஒரு துளி இன்னொன்றைத் துரத்தும் சோதனையை, ஆடி மாதக் கண்காட்சிக்காக மாணவியரோடு செய்து பார்க்கிறோம். புரோப்பிலீன் கிளைக்காலை (propylene glycol, தண்ணீரில் கலக்கும் ஒரு திரவம்) 10 சதவீதமும் 25 சதவீதமுமாக வாலை வடிநீரில் தனித்தனியே கலந்து, நிறமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் அருகருகே சொட்டினால், இரண்டும் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஸ்லைடைச் சோப்பு போட்டுக் கழுவி, துண்டால் துடைத்திருக்கிறோம். கலவை விகிதத்தை மாற்ற வேண்டுமா?

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்:
விகிதத்தைத் தொடாதீர்கள், டீச்சர், துண்டைத்தான் சந்தேகிக்கிறேன். சாயமேற்றும் முன் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். அது உள்ளே இறங்காமல் முத்துப்போல நின்றால், பஞ்சின் மெழுகோ எண்ணெயோ இன்னும் போகவில்லை என்று பொருள். கண்ணாடிக்கும் அதே கணக்குதான். ஸ்லைடின் மேல் வாயால் ஊதிப் பாருங்கள்: மூச்சின் ஈரம் சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக வெளுத்தால் அழுக்கு இருக்கிறது. நன்கு உலர்ந்த ஸ்லைடை இடுக்கியால் பிடித்து, கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் சில நொடிகள் அசைத்துக் காட்டி, ஆறவிடுங்கள். மெழுகுவத்தி வேண்டாம், கரி பிடிக்கும்.

காங்கேயம் ஆசிரியை:
ஊதியதும் என் கட்டைவிரல் ரேகையே தெரிந்தது! சுடரில் காட்டிய பிறகு வெறும் தண்ணீர் படலமாகப் பரவுகிறது. கலவைத் துளியோ பரவாமல் திரண்டு நின்று நகர்கிறது. ஆனால் எல்லாத் துளிகளும் ஒரே பக்கம் போகின்றன.

கோவை கல்லூரி ஆய்வக உதவியாளர்:
திரண்டு நிற்பதே சோதனை சரியாக அமைந்ததற்கு அடையாளம். துளியின் விளிம்பில் தண்ணீர் வேகமாக ஆவியாவதால் அங்கே கிளைக்கால் மிஞ்சிப் பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) குறைகிறது. நடுவில் இழுவிசை கூடுதலாக இருப்பதால் திரவம் உள்நோக்கி இழுக்கப்பட்டு, பரவ வேண்டிய துளி குவிந்தே நிற்கிறது. பக்கத்துத் துளியின் நீராவி படும் விளிம்பில் ஆவியாதல் தணிந்து, அந்தப் பக்கத்து இழுவிசை கூடும். துளி அந்தப் பக்கம் நகரும். தொட்டுக்கொண்டதும் இழுவிசை குறைந்த துளி, அதாவது உங்கள் 25 சதவீதம், மற்றதைத் துரத்தும்.

ஸ்லைடை 180 பாகை திருப்பி வையுங்கள். துளிகள் போகும் திசையும் சேர்ந்து திரும்பினால் கண்ணாடியில் குறை. திரும்பாவிட்டால் மேசைச் சரிவு, அல்லது காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் சன்னலைச் சும்மா விடாதே.

காங்கேயம் ஆசிரியை:
திசை திரும்பவில்லை. சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியதும், 25 சதவீதச் சிவப்புத் துளி நீலத்தை ஓரம்வரை விரட்டிக் கீழே தள்ளிவிட்டது. இப்போது நிரந்தர மார்க்கரால் இருபுறமும் கோடு போட்டு, அந்த வாய்க்காலுக்குள்ளேயே ஓடவிடுகிறோம்; மையின் மேல் துளி ஏறவில்லை.