வலங்கைமான் வீட்டுப் பிள்ளைகள்

காலை 9.12

செல்வி அண்ணி: எல்லாருக்கும் வணக்கம். சென்னைக் கடை ஒண்ணுல 30 கிலோ தாளிப்பு வடகம் கேக்குறாங்க. பாக்கெட்ல உணவுப் பாதுகாப்பு நம்பர் போடணுமாம். உலர்த்துற மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். 6,000 குடுத்தா 35 சதவீத மானியத்தோட கடன் முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. சாயங்காலம் வர்றாரு. குடுக்கலாமா?

குட்டி: அண்ணி சூப்பர்

நாச்சியார்கோயில் அத்தை: வேணாம்டி

மன்னார்குடி பெரியப்பா: ஒரு பைசா குடுக்காதேம்மா. 32 வருஷம் பேங்க்ல இருந்தவன் சொல்றேன். அவரு சொல்றது பிஎம்இஜிபி, சுயதொழிலுக்கு மத்திய அரசோட மானியக் கடன் திட்டம். கிராமத்துல பெண்களுக்கு 35 சதவீத மானியம், கைக்காசு 5 சதவீதம். அது நிஜம். ஆனா புதுசா ஆரம்பிக்கிற தொழிலுக்குத்தான். மானியம் கைக்கு வராது. 3 வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா கிடந்து, அப்புறம் கடன்ல கழியும். ஆன்லைன்ல நாமளே விண்ணப்பிக்கலாம். உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவுக்கும் காசு கிடையாது, ஆதாரும் பான் கார்டும் போதும். பாக்கெட்ல போடுற 14 இலக்க நம்பருக்கு, சின்ன தொழில்னா வருஷம் 100 ரூபாய்.

திருவாரூர் சித்தப்பா: உத்யமுக்கு நான் 2,500 அழுதேனே

மன்னார்குடி பெரியப்பா: என்னைக் கேட்டிருக்கலாம்

திருவாரூர் சித்தப்பா: ரைஸ்மில் கடனுக்கு ஜாமீன் கேட்டேனே அண்ணே. 2004ல.

நாச்சியார்கோயில் அத்தை: காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க ரெண்டு பேரும்

குட்டி: வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?

திருவாரூர் சித்தப்பா: கல்லணை திறந்து அஞ்சு நாளாச்சு. இன்னும் எட்டல.

செல்வி அண்ணி: பெரிய மாமா, அப்ப மெஷினுக்கு?

மன்னார்குடி பெரியப்பா: அது கிடக்கட்டும். கிலோ என்ன விலை சொன்னே?

செல்வி அண்ணி: 350

மன்னார்குடி பெரியப்பா: 10 கிலோ வெங்காயம் காஞ்சா எவ்வளவு தேறும்?

செல்வி அண்ணி: உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து 3 கிலோ. வெங்காயம் 500, மத்த சாமான் 400 ஆகுது.

மன்னார்குடி பெரியப்பா: பாத்தியா, சாமானுக்கே கிலோவுக்கு 300. 30 கிலோவுக்கு 100 கிலோ சின்ன வெங்காயம் உரிக்கணும். மிஞ்சுறது 1,500. அதுலதான் கவர், லேபிள், லாரி வாடகை. பத்து நாள் தினம் பிசைஞ்சு உருட்டி மாடியில காயவைக்கிறியே, உன் கூலி எங்கே?

செல்வி அண்ணி: என் கூலியை நான் கணக்குல சேர்த்ததே இல்ல மாமா

நாச்சியார்கோயில் அத்தை: நம்ம வீட்டுல யாரு சேர்த்தா. அம்மா கையில விளக்கெண்ணெய் வாசனை போகவே போகாது. வடகம் வாங்கிட்டுப் போன யாரும் காசு குடுத்ததில்ல.

குட்டி: 😢

திருவாரூர் சித்தப்பா: செல்வி, கடைக்காரர் பணம் எப்ப தர்றாரு?

செல்வி அண்ணி: வித்த பிறகாம்

திருவாரூர் சித்தப்பா: அதுலதான்மா நான் விழுந்தேன். அரிசி போச்சு, பணம் வரல. பாதி முன்பணம் கேளு. தரலைன்னா 10 கிலோவோட நிறுத்து.

மன்னார்குடி பெரியப்பா: தம்பி சொல்றது ரொம்ப சரி. உத்யம் இருந்தா 2006 சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள்ள பணம் தந்தாகணும், தாண்டினா வட்டி. ஆனா கேஸ் போட்டு வாங்குறதைவிட முன்பணம் நல்லது. மெஷினுக்கு முன்னாடி தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டுல நிஃப்டெம் போய்ப் பாரு, உணவு பதப்படுத்துறதுக்குன்னே இருக்கிற இடம். சின்னதா வேணும்னா பேங்க்ல முத்ரா கடன் இருக்கு, அடமானம் கேக்க மாட்டாங்க.

செல்வி அண்ணி: யாரு கூட்டிட்டுப் போவீங்க?

திருவாரூர் சித்தப்பா: நான் வர்றேன். வெள்ளிக்கிழமை.

மன்னார்குடி பெரியப்பா: அவன் வந்தா நானும் வர்றேன்

மாலை 5.40

செல்வி அண்ணி: அந்த ஆளு வாசல்ல நிக்கிறாரு

நாச்சியார்கோயில் அத்தை: மோர் குடுத்து அனுப்பு. காசு குடுக்காதே.

மன்னார்குடி பெரியப்பா: போனை அவருகிட்ட குடும்மா, நான் பேசுறேன்

திருவாரூர் சித்தப்பா: தண்ணி வந்துடுச்சு!! நாளைக்கே நாத்தங்கால் உழவு. வெள்ளி முடியாது செல்வி, அடுத்த வாரம் பாப்போம்.

குட்டி: வீடியோ போடுங்க சித்தப்பா